டிக்கிக்குள் நாத்தனார்

பால் வாங்கப் போன அண்ணி பால் இல்லாமல் திரும்பி வந்தாள். பை இருந்தது, பைக்குள் சில்லறை இருந்தது, முகத்தில் வாயெல்லாம் பல் இருந்தது. பால்தான் இல்லை.

"பால் எங்க அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"எந்தப் பால்?"

"வாங்கப் போனீங்களே, அந்தப் பால்."

"ஓ, அதுவா. தீர்ந்து போச்சாம்."

காலை வேளையில் எந்தக் கடையிலாவது பால் தீர்ந்துபோகுமா? உண்மையில் அண்ணி கடைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்குத்தான் போனாள். முன்தினம் கொடுத்துவிட்டு வந்த ரத்தத்தின் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "இந்தத் தடவை சந்தேகமே இல்லம்மா. கொஞ்ச நாளைக்குக் குனிஞ்சு நிமிர்ற வேலை, பாரம் தூக்கற வேலையெல்லாம் வேண்டாம்" என்றார். அண்ணி டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னாள். வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த பெரியவருக்கும் நன்றி சொன்னாள். வாசலில் கிடந்த செருப்புகளில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு, நடந்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தாள். வந்த பிறகுதான் பார்த்தாள்: இடது கால் செருப்பு அவளுடையது, வலது கால் செருப்பு யாருடையதோ.

இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வெளியே சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவன் அவள் கணவன். அவன் நெடுந்தூர பஸ் ஓட்டுகிறவன். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் போனைத் தொடமாட்டான். சாயங்காலம்தான் வீடு திரும்புவான். போன முறை இதே மாதிரி நாள் தள்ளிப்போனபோது, அண்ணி பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் இருந்த நாத்தனாரின் காதைக் கடித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தச் சேதி மாமியாருக்குப் போய், சித்திமார்களுக்குப் போய், டயர் கடைக்குப் போய், டயர் கடைக்காரர் மனைவி வழியாகக் கண்டக்டருக்குப் போய், கடைசியில் ஓடுகிற பஸ்ஸில் பயணிகள் அத்தனை பேரும் கேட்கும்படி கண்டக்டர் வாயால் அவள் கணவனுக்குத் தெரிந்தது. அப்பாவாகப் போகிறவன்தான் அதைக் கேட்ட கடைசி ஆள். அப்புறம் அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நாள் தள்ளியது தள்ளியதோடு சரி. சந்தோஷப்பட்டவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து ஆறுதல் சொன்னார்கள். அதுதான் பெரிய கொடுமை.

அவன் யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. விளக்கை அணைத்த பிறகு அவளிடம் மட்டும் சொன்னான்: "அடுத்த தடவை நான் மொதல்ல தெரிஞ்சுக்கணும். நல்லதோ இல்லையோ, நாம ரெண்டு பேர் மட்டும் கொஞ்ச நேரம் அதை வச்சிருக்கணும்." அண்ணி சத்தியம் செய்துகொடுத்தாள். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. விசேஷம் உண்டா என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். சத்தியத்துக்கு வேலை வந்த நாள் இன்றைக்குத்தான் விடிந்திருக்கிறது.

நாத்தனார் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. தங்கமானவள். மனசில் எதுவும் தங்காது, அவ்வளவுதான் கோளாறு. ஊரில் உள்ள கார் ஓட்டையை எல்லாம் அடைக்கிறவளுக்கு அப்படியொரு ஓட்டை வாய்.

ஆமாம், கார் ஓட்டை அடைப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. நாத்தனார் முன்பு கார் கண்ணாடி மாற்றும் கடையில் இருந்தவள். கண்ணாடியும் ரப்பரும் அவளுக்கு அத்துப்படி. அண்ணி சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவள். கார்ப்பெட்டைத் தொட்டே ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லுவாள். இரண்டு கைப்பழக்கத்தையும் சேர்த்து, வீட்டை ஒட்டிய ஷெட்டின் வாசலில் 'காருக்குள் தண்ணியா? ஓட்டிக்கொண்டு வாங்க' என்று பலகை மாட்டினார்கள்.

வேலை பிரித்தது பிரித்தபடி. அண்ணி ஒல்லி, அதனால் காருக்குள்ளே அவள். டார்ச், பவுடர் டப்பா, நைலான் கயிறு மூன்றும் அவள் பொறுப்பு. நாத்தனார் வாட்டசாட்டமானவள், அதனால் வெளியே அவள். ஹோஸ் பைப்பும் கார் சாவியும் அவளிடம். காரை உலரவைத்து, கார்ப்பெட்டைக் கழற்றி, காய்ந்த தகட்டின் மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுவார்கள். நாத்தனார் வெளியே கீழிருந்து மெல்ல மெல்ல மேலே தண்ணீர் காட்டிக்கொண்டு போவாள். உள்ளே ஒரு சொட்டு புகுந்தாலும் போதும், பவுடரில் கோடு விழுந்துவிடும். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டை. ஏனென்றால் தண்ணீர் பொல்லாதது. நுழைகிற இடம் ஒன்று, தலைகாட்டுகிற இடம் வேறொன்று. இன்னும் தேடு என்றால் அண்ணி உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டுவாள். வந்துவிட்டது, நிறுத்து என்றால் இரண்டு தட்டு. பேச்சு தேவைப்பட்டதே இல்லை.

அன்றைக்கு வந்து நின்றது கேக் மாஸ்டரின் கார். கேக் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர். நீளமான வாலுள்ள பழைய கார். அது இவர்களுக்குத் தண்ணி காட்ட ஆரம்பித்து நாளாகிவிட்டது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. முதலில் வந்தபோது டிக்கி மூடியின் ரப்பரை மாற்றினார்கள். அடுத்து வந்தபோது பின்விளக்குகளின் ரப்பரை மாற்றினார்கள். இப்போதும் அவர் பிரேக் போட்டதும் டிக்கிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று ஆடிற்று.

"நேத்து ஒரு பிறந்தநாள் கேக்," என்றார் கேக் மாஸ்டர் துக்கத்தோடு. "கொண்டுபோய் வச்சுத் திறந்தா, அடி அடுக்கு ஊறிப்போய் மேல் அடுக்கு அதுக்குள்ள உக்காந்திருக்கு. அந்தக் குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. நாளைக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு போகணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?"

"பண்ணிடுவோம்," என்றாள் அண்ணி, கண் கலங்கி. அந்தக் குழந்தைக்காக அல்ல. குழந்தை என்ற சொல்லே இன்று அவளை அப்படிச் செய்தது.

கேக் மாஸ்டர் சாவியைக் கொடுத்தார், நாத்தனார் வழக்கம்போல அதைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். "வீட்ல இன்னொரு சாவி இருக்கு, சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கிறேன். டிக்கியைச் சாவி போட்டுத்தான் திறக்கணும், உள்ள இருக்கிற லீவர் அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வேலை தொடங்கியது. தொடங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. குழியில் இருந்த தண்ணீரைத் துடைக்கச் சொன்னால் துடைத்த துணியைக் குழியிலேயே பிழிந்தாள். உலர்த்தும் ஃபேனைப் போடச் சொன்னால் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்று, அது வீசும் காற்றில் "ஆ" என்று சொல்லிக் குரல் நடுங்குவதைக் கேட்டுச் சிரித்தாள். பவுடரை லேசாகத் தூவ வேண்டிய இடத்தில் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். டிக்கி முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

"அண்ணி, தகடு தெரியணும்," என்றாள் நாத்தனார்.

"தெரியாட்டா என்ன, அழகா இல்ல?"

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை செருப்பில் வந்து நின்றது. அண்ணி சட்டென்று பழைய பாயை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டாள். நாத்தனாருக்கு மூக்கு வேர்த்துவிட்டது என்று அண்ணிக்குத் தெரிந்தது. இன்னும் அரை நாள் ஓட்ட வேண்டும். வாயைத் திறந்தால் சேதி விழுந்துவிடும்போல இருந்ததால் அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். அப்படியும் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது.

"சரி, உள்ள போங்க. மூடிட்டுத் தண்ணி அடிக்கிறேன்," என்றாள் நாத்தனார்.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. டிக்கிக்குள் சுருண்டு படுக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது.

"இன்னைக்கு நீ போயேன்."

"நானா? நான் எப்ப உள்ள போயிருக்கேன்?"

"எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு."

"இப்பத்தானே ஹோஸைப் பிடிச்சிக்கிட்டு ஆடினீங்க."

"ஆடினதாலதான் பிடிச்சிக்கிச்சு."

நாத்தனார் ஹோஸைக் கீழே வைத்தாள். முகம் வாடிவிட்டது. காலையிலிருந்து நேராக முகம் பார்த்துப் பேசாதது, வாயைப் பூட்டிக்கொண்டிருப்பது, இப்போது கூட வேலை செய்ய மறுப்பது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவள் ஒரு கணக்குக்கு வந்திருந்தாள். கணக்கு அடியோடு தப்பு.

"எம்மேல கோவம், அதானே? தெரிஞ்சு போச்சா?"

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"அந்த நீலப் புடவை. நான்தான் கட்டிக்கிட்டுப் போய் கிரீஸ் ஆக்கிட்டேன். பீரோவுக்கு அடியில மடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க அவள் தலையைக் குனிந்தாள். நாத்தனார் அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"அது இல்லையா? அப்போ சென்ட்டா? அண்ணன் உங்களுக்கு வாங்கிட்டு வந்த சென்ட் பாட்டில். நான் போட்டுப் போட்டுத் தீர்த்துட்டேன் அண்ணி. தெரியக் கூடாதுன்னு தண்ணி ஊத்தி வச்சேன்."

"இத்தனை நாளா நான் தண்ணியையா அடிச்சுக்கிட்டிருக்கேன்?"

"ஆமா."

"உங்க அண்ணன் வாசனை பிரமாதம்னு சொன்னாரே."

"அதுதான் எனக்கும் ஆச்சரியம்."

அண்ணியால் அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். கோபம் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்தது, எதற்கு என்று தெரியாமலேயே. "சரி விடுங்க, பாவ மன்னிப்பா நானே போறேன்" என்று டார்ச்சை வாங்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். கார் அந்தப் பக்கம் அமுங்கியது. பாதி உடம்பு உள்ளே போனதும் பவுடர் புகையாய் எழும்பி அவள் தலைமுதல் கால்வரை படிந்தது.

"தும்மல் வருது, சீக்கிரம் மூடுங்க," என்றாள்.

அண்ணி மூடினாள். பூட்டு டக்கென்று விழுந்தது.

ஹோஸைப் பிடித்துப் பழக்கமில்லாத கையால் அண்ணி பம்பரின் மேல்விளிம்பில் தொடங்கி, விளக்குகள், மூடியின் இடுக்கு, பின்கண்ணாடி என்று மேலே போனாள். உள்ளேயிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தட்டு. இல்லை, இல்லை, இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கூரைவரை போய்விட்டு அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"வெளிய வா," என்று மூடியைத் தட்டினாள். "சாவி எங்க?"

உள்ளேயிருந்து சன்னமாக ஏதோ கேட்டது. அண்ணி மூடியில் காதை வைத்தாள். முதல் தடவை அவர்களே போட்ட புது ரப்பர். சத்தம்கூடப் புகாத வேலை. நாத்தனார் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் புரிந்தது.

"எம் பாக்கெட்ல."

வெளியே நிற்கிறவள் பாக்கெட்டில் சாவி இருப்பதுதான் இவர்கள் வழக்கம். ஆளை மாற்றிக்கொண்டார்கள், டார்ச்சை மாற்றிக்கொண்டார்கள், சாவியை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

"கயித்தை இழு," என்று அண்ணி கத்தினாள்.

"எந்தக் கயிறு?"

அண்ணி உள்ளே போகும்போதெல்லாம் பூட்டின் நாக்கில் நைலான் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் படுப்பாள், இழுத்தால் திறந்துகொள்ளும். எப்போதும் அவளே கட்டிக்கொள்வதால் நாத்தனாருக்கு அந்தக் கயிறு எதற்கென்றே தெரியாது. கயிறோ அண்ணியின் தோளில், மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி பின்சீட்டுப் பக்கம் ஓடினாள். கேக்குக்குச் சூடு ஏறக் கூடாது என்று கேக் மாஸ்டர் சீட்டுக்குப் பின்னால் கனமான தகடு அடித்து, பஞ்சு வைத்து மூடியிருந்தார். அந்த வழியும் இல்லை. அவருக்குப் போன் போட்டாள்.

"க்ரீம் அடிச்சுக்கிட்டிருக்கேன், பாதியில விட்டா இறங்கிடும். முடிச்சுட்டு அந்தச் சாவியோட வர்றேன்," என்றார் அவர். பிறகு தயங்கி, "அவங்களுக்கு உள்ள மூச்சு முட்டாதே?" என்று கேட்டார்.

"இவ்வளவு தண்ணி போற டிக்கிக்குள்ள காத்து போகாதா?" என்றாள் அண்ணி. சொன்ன பிறகுதான் அது உண்மைதான் என்று தோன்றி அவளுக்கே நிம்மதியாயிற்று. மூடியில் வாயை வைத்து விஷயத்தைக் கத்திச் சொன்னாள். உள்ளேயிருந்து "பரவாயில்ல" என்பது போல ஒரு தட்டு வந்தது. பிறகு, பொறுமை போனதைக் காட்ட, டொக் டொக்கென்று ஓயாத தட்டல்.

அண்ணி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பயமெல்லாம் போய், மெல்ல ஒரு குறும்பான சந்தோஷம் எட்டிப்பார்த்தது. நாத்தனாரின் போன் மேசை மேல் கிடக்கிறது. நாத்தனார் டிக்கிக்குள் கிடக்கிறாள். வீட்டின் ஒரே ஓட்டை இப்போது பத்திரமாக மூடியிருக்கிறது. காலையிலிருந்து இப்போதுதான் அவள் உதட்டைக் கடிப்பதை விட்டாள்.

அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. டூட்டி மாறி, சீக்கிரமே வந்துவிட்ட அவள் கணவன் நின்றான், காக்கிச் சட்டையும் வியர்வையுமாக.

"எங்க தங்கச்சி?"

"டிக்கிக்குள்ள."

அவன் சிரித்துக்கொண்டே போய் மூடியைத் தட்டி, "வசதியா இருக்கா?" என்று உரக்கக் கேட்டான். உள்ளேயிருந்து என்னவோ முனகல் வந்தது. திட்டுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அண்ணி அவன் கையைப் பிடித்துக் காரின் இடது பின்மூலைக்கு இழுத்துப் போனாள். அங்கேதான் நிழல் இருந்தது, அவள் பக்கெட் இருந்தது. அவள் பக்கெட்டில் உட்கார, அவன் பம்பரில் தோளைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

காலையிலிருந்து அவள் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது ஒரு விதமும் வரவில்லை. காலை நீட்டினாள்.

"இதைப் பாருங்க."

"செருப்பு மாறியிருக்கு."

"கிளினிக்ல மாறிடுச்சு."

"கிளினிக்லயா? உனக்கு என்ன உடம்..." அவன் நிறுத்தினான். செருப்பைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி செருப்பைப் பார்த்தான். "நெஜமாவா?"

"சந்தேகமே இல்லையாம். குழந்தைதானாம்."

அவன் அவள் இரண்டு கால்களையும், சொந்தச் செருப்போடும் இரவல் செருப்போடும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கு. எனக்கு. இப்ப உங்களுக்கு."

"இவளுக்கு?" அவன் டிக்கியைக் கண்ணால் காட்டினான்.

"சொல்லல. சொல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்துலயே வச்சுக்கிட்டு மென்னு முழுங்கினேன்."

"அவ மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல," என்றான் அவன் மெதுவாக. "ஆனா அன்னைக்குக் கண்டக்டர் கையைக் குலுக்கினப்போ, பஸ்ஸே கைதட்டினப்போ, எனக்கு அழுகைதான் வந்துச்சு. எம் புள்ளை விஷயம் எனக்கே கடைசியா வருதேன்னு. அப்புறம் அது இல்லைன்னு ஆனப்பவும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லிக்கல." பிறகு சின்னப் பையன் மாதிரி நிமிர்ந்தான். "இந்தத் தடவை நான்தான் மொதல். இல்ல?"

"நீங்கதான் மொதல்."

அவன் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், மறுபடி சிரித்தான். பிறகு அவள் கழுத்துப் பக்கம் குனிந்து மோந்து, "இந்தச் சென்ட் வாசனையே தனி" என்றான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்காமல் அவனும் சேர்ந்து சிரித்தான். இருவரும் அப்படியே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாத ஒன்றைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த டிக்கி எப்போதிருந்து அமைதியானது என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கேக் மாஸ்டர் கன்னத்தில் க்ரீமோடு வந்து சேர்ந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். மூடி எழுந்தது.

உள்ளேயிருந்து மாவில் புரட்டி எடுத்தது போல நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். முடி வெள்ளை, புருவம் வெள்ளை, முகம் முழுக்க வெள்ளை. பிசாசு மாதிரி கத்தப் போகிறாள் என்று அண்ணி ஒரு அடி பின்னால் போனாள். நாத்தனார் கத்தவில்லை. உதட்டை உள்ளுக்குள் மடித்து இறுக்கக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமாயிடுச்சாம்மா? மன்னிச்சிடுங்க," என்றார் கேக் மாஸ்டர்.

"பரவாயில்ல சார்." அவள் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் காரின் இடது பின்மூலைக்குப் போனாள். "ஓட்டை கிடைச்சிடுச்சு. இங்க, பம்பருக்குப் பின்னால. கீழயிருந்து தண்ணி அடிச்சா உள்ள போகும்."

"எப்படித் தெரியும்?" என்று அண்ணி கேட்டாள்.

"அங்கேர்ந்து காத்து வந்துச்சு."

"காத்து மட்டும்தானா?"

"வேற என்ன வரும்? காத்துதான்."

பம்பரைக் கழற்றினார்கள். நாத்தனார் சொன்ன இடத்தில், காருக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதற்கென்றே வைத்த சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் மக்கி உதிர்ந்து, இரண்டு விரல் நுழையும் இடைவெளி. மழை மேலிருந்து பெய்தால் பம்பர் மறைத்துவிடும். ஓடும்போது டயர் வாரியடிக்கிற தண்ணீர்தான் அதற்குள் போயிருக்கிறது. இவர்கள் காரை நிறுத்திவைத்து மேல்நோக்கியே தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சார், வண்டி நிக்கும்போது மழை பேஞ்சா உள்ள நனையுமா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நின்னா நனையவே நனையாதே," என்றார் கேக் மாஸ்டர். "ஓட்டினாத்தான் நனையும். நீங்க கேக்கவே இல்லையேம்மா."

நியாயமான பேச்சு. கறுப்புப் பசை வைத்துப் புது ரப்பரை அழுத்தி ஒட்டியாயிற்று. கீழிருந்து தண்ணீர் அடித்துப் பார்க்க அண்ணி வழக்கத்தை மறந்து ஹோஸை எடுக்கக் குனிந்தாள்.

"குனியாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார் சட்டென்று. ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பக்கெட்டை அண்ணி பக்கம் தள்ளினாள். "இடுப்புப் பிடிச்சிருக்குன்னீங்களே. உக்காருங்க."

அண்ணி உட்காரவில்லை. நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். அந்த வெள்ளைப் பவுடரில், இரண்டு கண்களிலிருந்தும் தாடைவரை இரண்டு கோடுகள் சுத்தமாக விழுந்திருந்தன. பவுடரில் கோடு விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எங்கே போக வேண்டும் என்று அண்ணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்பர் மூலை, கவிழ்த்த பக்கெட், அங்கே உட்கார்ந்து பேசிய ஒவ்வொரு வார்த்தையும். குழந்தை மட்டுமல்ல, கண்டக்டரும் கைதட்டலும்கூட அந்த இடைவெளி வழியாக அப்படியே உள்ளே போயிருக்கின்றன. கேட்டும், கத்தாமல், தட்டாமல், அண்ணன் சிரித்து முடிக்கும்வரை இவள் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

மேசை மேல் நாத்தனாரின் போன் அடித்தது. திரையில் 'அம்மா'. நாத்தனார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள், கையெல்லாம் பசை.

"ஏன்டி, எத்தனை தடவை கூப்பிடறது? வீட்ல என்ன விசேஷம்?" என்றார் மாமியார். தினமும் கேட்கிற கேள்விதான்.

நாத்தனாரின் தொண்டை ஏறி இறங்கியது. கன்னம் உப்பியது. அவள் இவ்வளவு கஷ்டப்பட்டு அண்ணி பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. கேக் மாஸ்டர் கார் சரியாயிடுச்சு."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"பவுடர் போயிடுச்சு தொண்டையில."

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவனும் தங்கை முகத்தில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டிருந்தான். அவன் தலையை அசைத்தான். அண்ணி போய் நாத்தனாரின் தோளில் கை வைத்து, காதோடு சொன்னாள்: "சொல்லுடி. நீயே அத்தைகிட்ட சொல்லு. உங்க அண்ணனே சரின்னுட்டார்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். மூடினாள். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கோடுகள் விழுந்திருந்த அதே வழியில் மறுபடி கண்ணீர் இறங்கியது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வேண்டாம் அண்ணி. அப்புறம் நீங்களே சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள். "நான் இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன். இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலியே."

"ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று போனுக்குள் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேக் மாஸ்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஓட்டை அடைபட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவர்களை அவர் எங்கும் பார்த்ததில்லை என்றார். இனிமேல் வேறு எங்கேயும் வண்டியைக் கொடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.